ஸ்கேனுக்கும் ரிவ்யூவுக்கும் நடுவில் ஆறு நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளர். மருந்து எழுதுவதோ ஊசி போடுவதோ என் வேலை இல்லை. காப்பீட்டுத் தாள் சரியாக இருக்கிறதா, வீட்டில் சமைக்க ஆள் உண்டா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, ராத்திரியில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் வேலை. மூளைக்கட்டிக்குச் சிகிச்சை எடுக்கும் ஒருவரிடமும் அவர் மனைவியிடமும், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். அது அந்த வீட்டில் என்ன செய்தது, அதற்கப்புறம் நாங்கள் எதை மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். சரி என்று சொன்னார்கள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயர்கள் போடவில்லை. அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

பெயர்கள் இடம் மாறியது

அண்ணனுக்கு வயது 47. அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளிக்கூட டைரி என்று இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. ப்ரூஃப் பார்க்கத் தனியாக ஆள் இருந்தாலும், கடைசியாக ஒருமுறை இவர் கண்ணில் பட்டுத்தான் பிளேட் போகும். ஓர் ஒற்று விட்டிருந்தால்கூடத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார். அயனாவரத்தில் வாடகை வீடு. ஒரே மகள், அப்போது பிளஸ் ஒன். அண்ணனின் அம்மாவும் கூட இருக்கிறார்.

மார்கழிக் கடைசியில் அண்ணனுக்குப் பொருட்களின் பெயர் மாற ஆரம்பித்தது. சாவியைக் கேட்க வந்து கரண்டியைக் கேட்பார். மகளை அவருடைய தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் சிரித்தார்கள். பொங்கல் சீசன், காலண்டர் வேலை, தூக்கமில்லை, அதனால்தான் என்று விட்டுவிட்டார்கள். அக்கா இன்றும் அந்தச் சிரிப்பை நினைத்து வருத்தப்படுகிறார். சொல் மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான், அதைக் கண்டு யாரும் மூளைக்கட்டி என்று நினைக்கமாட்டார்கள் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வருத்தம் அவரை விட்டுப் போகவில்லை.

தை மாதம் ஒரு விடியற்காலை வலிப்பு வந்தது. அக்கா மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் வலது கை இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க. மாமியார் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக அடங்கும் நேரத்தில் இரும்பும் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

அவசரப் பிரிவில் எடுத்த சிடியில் இடது பக்கம் ஏதோ இருப்பது தெரிந்தது. மறுநாள் எம்ஆர்ஐ. இடது டெம்போரல் பகுதியில் கட்டி. பெரும்பாலானவர்களுக்கு மொழி குடியிருக்கும் பக்கம் அது. கரண்டிக்கும் சாவிக்கும் பெயர் இடம் மாறியது அதனால்தான். ஒன்பதாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்த சிறு பாகத்தைத் தொடவில்லை. அதைத் தொட்டிருந்தால் பேச்சே போயிருக்கக்கூடும்.

மூளைக்கட்டி என்றதும் தெருவில் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை ‘அடையாறு போயிடுங்க’. சென்னையில் அது ஊர்ப்பெயராக மட்டும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அங்கே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர் கொடுத்த இடத்தின் பெயர், குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெயராகவும் ஆகிவிட்டது. அக்கா மாவு வாங்க வருகிறவர்களிடம் ‘தலையில சின்ன ஆபரேஷன்’ என்று மட்டும் சொல்லி வைத்தார். வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். புற்றுநோய் ஒட்டுவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

பயாப்ஸி முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4, அதாவது மிகத் தீவிரமான படி. மூளையிலேயே பிறக்கும் கட்டி இது, உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் சுற்றியுள்ள மூளைக்குள் புல்வேர் மாதிரி இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிந்ததை முழுக்க எடுத்தாலும் தெரியாதது மிச்சம் இருக்கும். அதனால்தான் அறுவைக்குப் பிறகும் கதிர்வீச்சும் மாத்திரையும்.

ரிப்போர்ட்டில் இரண்டு மரபணு விவரங்கள் இருந்தன. ஐடிஎச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில், பெரியவர்களிடம் கிளியோபிளாஸ்டோமா என்று பெயர் வைக்க இது ஒரு நிபந்தனை. இன்னொன்று, எம்ஜிஎம்டி மெத்திலேஷன் இருந்தது. எம்ஜிஎம்டி என்பது, டிஎன்ஏவில் விழும் காயத்தைச் செல் தானே ஒட்டுப்போட உதவும் புரதத்தின் மரபணு. மெத்திலேஷன் அதை அணைத்து வைக்கிறது. ஒட்டுப்போட ஆள் இல்லாததால் கீமோ மாத்திரை கூடுதலாகப் பலிக்கும். ‘இது நமக்குச் சாதகம்’ என்று டாக்டர் சொன்னார். அக்கா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஆறு வாரத்தைக் கடந்தார். பின்னால் ஸ்கேனில் இதே விஷயம் வேறு முகத்தோடு திரும்பி வந்தது.

கரண்ட், மாத்திரை, கோபம்

ஃபைலில் கதிர்வீச்சு என்று எழுதுகிறோம். வராண்டாவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘எத்தனை கரண்ட் முடிஞ்சுது?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், 30 கரண்ட், மொத்தம் 60 கிரே அளவுக் கதிர்வீச்சு. ஒவ்வொரு முறையும் முகத்தின் அச்சில் செய்த மாஸ்க்கை மேஜையோடு பூட்டுவார்கள், தலை அசையக் கூடாது. கூடவே தினமும் டெமோசோலமைடு மாத்திரை. 2005இல் ரோஜர் ஸ்டுப் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க இதுதான் வழக்கமான சிகிச்சை.

மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, வாந்தி மாத்திரையை முன்னால் போட்டு, அப்புறம் இது. கேப்சூலைப் பிரிக்கக் கூடாது. அக்கா கையுறை போட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். மாவு தொடும் கை என்பதால் அதில் ரொம்பக் கவனம். செலவில் பெரும்பகுதி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போனது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. சம்பளம் நின்றது, போக்குவரத்து, வாடகை எல்லாம் அக்காவின் கிரைண்டர் மேல் விழுந்தது. அண்ணனுக்கு வலிப்பு வந்ததால் பைக் ஓட்டக் கூடாது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. பைக்கை விற்றார்கள்.

இதெல்லாம் எதிர்பார்த்த கஷ்டம். எதிர்பார்க்காதது அண்ணனின் கோபம்.

மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அது வீக்கத்தைக் குறைத்தது, தூக்கத்தையும் குறைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார். அக்கா தோசை ஊற்றுவார். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, தொடையில் பலம் குறைந்து இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை. வலிப்புக்குக் கொடுத்த லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் சிடுசிடுப்பையும் தரும். இத்தோடு, சொல்ல நினைத்த சொல் வாயில் வராத அவஸ்தை. கல்யாணமாகி 19 வருஷத்தில் குரல் உயர்த்தாத மனிதர், உப்பு கொஞ்சம் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளினார்.

‘இவரு அந்த மனுஷனே இல்ல மேடம்’ என்று அக்கா என்னிடம் சொன்னது அந்த வாரம்தான். அப்போது நான் இன்னும் மேடம். மருந்துச் சீட்டை எடுத்து, எந்த மாத்திரை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தூக்கம் கெடுவதைத் தடுக்க ஸ்டீராய்டைக் காலை, மதியம் என்று மாற்றலாமா என டாக்டரிடம் கேட்டு மாற்றினோம். அக்கா வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்துவிட்டு, ‘அப்போ கோவம் அவரோடது இல்லியா?’ என்றார். பாதி மருந்துடையது, கொஞ்சம் கட்டியுடையது, மிச்சம் பயந்துபோன ஒரு மனிதருடையது என்றேன். இன்று கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். எல்லாவற்றையும் மாத்திரை மேல் போட்டுவிட்டால் அந்த மனிதரின் பயத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

மகள் செல்போனில் தேடி, 14.6 மாதம் என்ற எண்ணைக் கண்டுபிடித்தது இதே சமயத்தில்தான். 2005 ஆய்வில் கதிர்வீச்சும் டெமோசோலமைடும் சேர்த்து எடுத்தவர்களின் சராசரி ஆயுள் என்று பல இடங்களில் போட்டிருக்கும். அது உண்மையில் சராசரி இல்லை, நடுக்கோடு. பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதைத் தாண்டி. இரண்டு வருஷம் கழித்து 26.5 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களில் அது 10.4. மெத்திலேஷன் இருந்து மாத்திரையும் எடுத்தவர்களுக்கு அந்த நடுக்கோடு 21.7 மாதம். இதைப் பிள்ளைக்குத் தாளில் கோடு போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். ‘அப்பா கோட்டுக்கு எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியாது, இல்ல ஆன்ட்டி?’ என்றாள். தெரியாதும்மா என்றேன். பொய் சொல்லவில்லை, அதற்கு மேல் நம்பிக்கையும் கொடுக்க முடியவில்லை.

கத்திரி வெயிலில் முதல் ஸ்கேன்

கரண்ட் முடிந்தது ஏப்ரல் கடைசியில். நாலு வாரம் கழித்து எம்ஆர்ஐ, கத்திரி முடிகிற வாரம், வியாழக்கிழமை. மருத்துவமனை மெஷினில் இடம் கிடைக்க நாளாகும் என்பதால் வெளியில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துச் சொல்லும் ரிவ்யூ அடுத்த புதன்.

உள்ளே போகும் முன் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அண்ணன் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி இருந்தது. அவர் அம்மா சின்ன வயதில் கட்டியதை அளவு மாற்றி மாற்றிப் போட்டுவந்தது. அறுவையின்போது கழற்றி, பிறகு மறுபடி கட்டியிருந்தார்கள். அக்கா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். நாற்பது நிமிஷத்துக்கு மேல் அந்த மெஷின் சத்தத்தை வெளியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘உள்ள அவரு தனியா இருக்காரு, என் கையில அந்தக் கொடி சூடா இருந்துச்சு’ என்று பிறகு சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட்டும் பிலிமும் தருவதாகச் சொன்னார்கள். அக்கா தனியாகப் போய் வாங்கி வந்தார். பெரிய கவர், வாய் மடித்து பின் அடித்தது. ராத்திரி அண்ணன் தூங்கியதும் அக்கா அந்தப் பின்னைப் பிடுங்கினார். அக்கா பத்தாவது வரை தமிழ் மீடியம். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். மகளை எழுப்பி வாசிக்கச் சொன்னார்.

பதினாறு வயதுப் பிள்ளை, சமையலறை வெளிச்சத்தில், அப்பாவின் மூளையைப் பற்றிய இரண்டு பக்கத்தை வாசித்தாள். கட்டி எடுத்த இடத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும் பகுதி முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறது, சுற்றி வீக்கம் அதிகம். கடைசி வரியில் நோய் வளர்ச்சியா, சிகிச்சையின் விளைவா என்று பிரித்தறிய வேண்டும் என்று இருந்தது. அந்த வரியின் முதல் பாதியைப் பிள்ளை செல்போனில் தட்டிப் பார்த்தாள். இரண்டாம் பாதிக்கு வரவே இல்லை. ‘பெருசாயிருக்குன்னு போட்டிருக்கும்மா.’

அதற்கப்புறம் நாலு நாள். அம்மாவும் மகளும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். கவரை மறுபடி மடித்து, மகளின் ஸ்டேப்ளரால் பின் அடித்து, பீரோ மேல் வைத்தார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கிப் பொரித்தார். கையில் இருந்த காசுக்கு அது அதிகம். மகள் அப்பாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை. மாவு வழக்கம்போல விடியற்காலையில் பாக்கெட் ஆனது, ஆனால் திங்கட்கிழமை உப்புப் போட மறந்து முப்பது பாக்கெட் திரும்பி வந்தது.

இந்த நாலு நாளில் எங்களிடமிருந்து ஒருவரும் அவர்களுடன் பேசவில்லை. எங்களுக்கு அது வெற்றுக் காலம், ஃபைலில் அந்தத் தேதிகளுக்கு எதிரே எதுவும் எழுதியிருக்காது. கரண்ட் நாட்களில் தினமும் பார்த்த முகங்கள், ஆகவே நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ரிப்போர்ட் உங்கள் கைக்கு முதலில் வருமே, அதை யார் திறப்பீர்கள் என்று நான் கேட்டிருக்கவில்லை. சென்னையில் பெரும்பாலான இடங்களில் ரிப்போர்ட் டாக்டரைவிட முன்னால் குடும்பத்தின் கைக்கு வந்துவிடுகிறது, இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அது அவர்களுடைய தாள், வாங்குவது அவர்கள் உரிமை. ஆனால் அது ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதிய கடிதம். அதை வாசிக்கும் விதத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கையில் கொடுத்து அனுப்புகிறோம். இது தெரிந்தும் நான் கேட்காதது என் தவறு.

புதன்கிழமை

ரிவ்யூவுக்கு வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. டாக்டர் கவரைக் கேட்டார். அக்கா நீட்டும்போது அண்ணன் குறுக்கே கை வைத்து அதை வாங்கிக்கொண்டார். மடிப்பில் விரல் வைத்துக் காட்டினார். பின் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பின் இல்லாத இரண்டு துளைகள்.

‘பின்... ரெண்டு’ என்றார். இரண்டு விரலைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவருக்குத் தெரியும். தாளோடு வாழ்ந்த மனிதர், பீரோ மேல் கவர் வந்த மறுநாளே பார்த்துவிட்டார். திறந்திருக்கிறார்கள், மூடியிருக்கிறார்கள், நம்மிடம் சொல்லவில்லை, அப்படியானால் மோசமான செய்தி. வஞ்சிரம் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே இதை நினைத்திருக்கிறார். கேட்பதற்கு வார்த்தை சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது என்று பிறகு ஒருநாள் துண்டு துண்டாகச் சொன்னார். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

டாக்டர் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி அண்ணனைப் பார்த்தே பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது. பேச்சு தடுமாறும் நோயாளியை விட்டுவிட்டு மனைவியிடம் பேசுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் சொன்னது இது. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவது கட்டி அல்ல, நரம்பில் ஏற்றிய மருந்து கசிந்து நிற்கும் இடம். மூளையின் ரத்தக் குழாய்களுக்கு ஒரு காவல் சுவர் உண்டு. கட்டி வளர்ந்தாலும் அந்தச் சுவர் உடையும், கதிர்வீச்சும் மாத்திரையும் கட்டியை அடித்துப் புண்ணாக்கினாலும் உடையும். இரண்டும் பிலிமில் ஒரே வெள்ளை. கரண்ட் முடிந்த முதல் சில மாதங்களில், நோய் வளர்ந்தது போலப் பொய்யாகத் தோன்றுவது அபூர்வமில்லை. மெத்திலேஷன் இருப்பவர்களிடம் இது கூடுதலாகவே நடக்கிறது. மருந்து நன்றாகப் பிடிக்கும் உடம்பில்தான் அந்தப் புண்ணும் பெரிதாகத் தெரியும். அக்கா ஆறு வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்த அதே வாக்கியம்தான் இந்தக் குழப்பத்துக்கும் ஒரு காரணம்.

மூளைக்கட்டி வளர்ந்ததா குறைந்ததா என்று சொல்ல 2010இல் வகுத்த ரானோ என்ற அளவுகோலே, கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரத்தில், கரண்ட் பட்ட பகுதிக்குள் பெரிதானதை மட்டும் வைத்து நோய் வளர்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. 2023இல் அதைத் திருத்தியபோது, கரண்டுக்குப் பிறகு எடுக்கும் முதல் ஸ்கேனையே இனிமேல் ஒப்பிடும் அடிப்படையாக வைக்கச் சொன்னார்கள். அதாவது அந்த சனிக்கிழமை ரிப்போர்ட், பெரும்பாலும், இனி வருவதை அளக்க வைக்கும் தொடக்கக் கோடு. அதை அந்தக் குடும்பம் தீர்ப்பாக வாசித்தது.

ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் தனியாக எடுத்தார்கள். வளரும் கட்டிக்கு ரத்தம் அதிகம் தேவைப்படும், புண்ணுக்கு அவ்வளவு இல்லை. இவருக்கு ஓட்டம் கூடவில்லை. டியூமர் போர்டில் பல துறை மருத்துவர்கள் உட்கார்ந்து பேசி, மாத்திரையை நிறுத்த வேண்டாம், மாதம் ஐந்து நாள் சுழற்சியாகத் தொடரலாம், எட்டு வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

‘அப்போ இப்ப என்ன டாக்டர்? நல்லதா, கெட்டதா?’ அக்கா கேட்டார்.

‘இப்போதைக்குத் தெரியலைம்மா. அடுத்த ஸ்கேன்லதான் தெரியும்.’

நேர்மையான பதில். ஆனால் ஆறு நாளாக இரண்டே பதிலுக்குத் தயாராகி வந்தவர்களுக்கு மூன்றாவது ஒன்று கிடைக்கும்போது, அதை எங்கே வைப்பதென்றே தெரிவதில்லை. அக்கா வராண்டாவில் உட்கார்ந்து அழுதார். மோசமான செய்திக்கு அழ வைத்திருந்த அழுகை அது, வேறு வழியில்லாமல் வெளியே வந்தது.

இரண்டாவது முறை

ஆடி மாதம் அடுத்த ஸ்கேன். அதற்கு மூன்று வாரம் முன்பே, ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு நாளில், இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். மாத்திரைச் சுழற்சி ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிளேட்லெட் பார்க்க வருவார்கள், அந்தக் காத்திருப்பு நேரம் போதுமானதாக இருந்தது. நீளமான படிவம் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டை யார் வாங்குவது? யார் திறப்பது? எங்கே உட்கார்ந்து? உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? பிள்ளைக்கு யார் சொல்வது?

அண்ணன் பதில் சொல்ல நேரம் எடுத்தது. காத்திருந்தோம். சொல் வராதபோது எழுதச் சொன்னேன். எழுத்திலும் தடுமாற்றம் உண்டு, ஆனால் பேச்சைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அவர் எழுதியது: ‘சேத்து’. பிறகு பக்கத்திலேயே, ‘பாப்பா வேணாம்’.

அக்காவின் பதில் வேறு மாதிரி. வீட்டில் கவரை வைத்துக்கொண்டு திறக்காமல் இருக்க என்னால் முடியாது என்றார். ஒளித்து வைத்துக்கொண்டு தைரியசாலி போல நடிக்காமல் இதைச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆகவே, வீட்டுக்கே கவர் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஸ்கேன் தேதியும் ரிவ்யூ தேதியும் ஒன்றாகப் போட்டுக் கொடுக்கும்படி ஓபியில் கேட்டேன். புதன் ஸ்கேன், வெள்ளி காலை ரிவ்யூ. போகும் வழியில் ரிப்போர்ட்டை வாங்கி, திறக்காமல் நேராக மருத்துவமனைக்கு. ஆறு நாள் இரண்டு நாளாகச் சுருங்கியது. இதற்குப் புதிய மெஷினோ பணமோ தேவைப்படவில்லை, ஒரு நர்ஸும் நானும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதுமாக இருந்தது. எல்லோருக்கும் இதைச் செய்ய முடியவில்லை, தூரத்து ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஆனால் செய்ய முடிகிறவர்களுக்குக்கூட நாங்கள் அதுவரை செய்யவில்லை.

இன்னொன்றும் முன்பே சொன்னோம். பதில் மூன்று விதமாக வரலாம்: குறைந்திருக்கிறது, வளர்ந்திருக்கிறது, இன்னும் தெரியவில்லை. மூன்றாவது வந்தால் அது டாக்டர் மறைப்பதாக அர்த்தமில்லை.

பிள்ளையை யாரும் அதுவரை தனியாகக் கேட்கவில்லை. அவளிடம் பேசியபோது, முதல் ரிப்போர்ட்டைத் தான் தப்பாக வாசித்துவிட்டதாகவும் அதனால்தான் அம்மா அப்படி ஆனதாகவும் நினைத்துக்கொண்டிருந்தாள். நீ வாசித்தது சரிதான், அதை உன்னிடம் வாசிக்கக் கொடுத்ததுதான் பெரியவர்களின் தவறு என்றேன். அக்கா பக்கத்தில் இருந்தார். அவரே பிள்ளையின் தலையைத் தடவி, ‘இனிமே உன்கிட்ட குடுக்கமாட்டேன்டா’ என்றார். முடிவை டாக்டரிடம் கேட்டுவிட்டு அன்றைக்கே, மறைக்காமல், அம்மா சொல்வது என்று ஏற்பாடு.

புதன்கிழமை ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும், அரைஞாண் கொடியை அக்கா அங்கேயே கட்டிவிட்டார். வியாழன் முழுக்க இருவரும் மாவு வேலை பார்த்தார்கள். அண்ணன் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டார். அன்று ராத்திரி இருவருமே தூங்கவில்லை. எந்த ஏற்பாடும் அந்தத் தூக்கத்தைக் கொண்டுவந்துவிடவில்லை, அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் இரண்டு பேரும் தூங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. மூன்று மணிக்கு எழுந்து ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்ததாக அக்கா சொன்னார்.

வெள்ளிக்கிழமை கவரை டாக்டர் அறையில் அண்ணனே திறந்தார். வெள்ளைப் பகுதி சுருங்கியிருந்தது, வீக்கம் குறைவு. முன்பு பெரிதாகத் தெரிந்தது சிகிச்சையின் விளைவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஆரம்பித்தார்கள். அண்ணன் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார், அச்சில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல.

நோய் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டி பெரும்பாலும் திரும்பி வரும், அதுவும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே. அது இருவருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அதே பயம். நாள் நெருங்கும்போது அண்ணனுக்குத் தலைவலி வருகிறது, கட்டியா பயமா என்று பிரிக்க முடிவதில்லை. வாந்தி, மயக்கம், வலிப்பு, கை கால் பலம் குறைவது, காலையில் கூடும் தலைவலி இருந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தாள் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

மூன்றாவது ஸ்கேன் இந்த வாரம், புரட்டாசியில். அதனால் இந்த முறை வஞ்சிரம் இல்லை. ரிப்போர்ட் முந்தின நாளே தயாராகிவிட்டதால், வழியில் வாங்காமல் அக்கா முன்பே போய் வாங்கி வீட்டில்தான் வைத்திருக்கிறார். திறக்கவில்லை என்று போனில் சொன்னார். பீரோ மேல் இல்லை, கூடத்து மேஜையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. அண்ணன் அதன் மேல் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாராம். எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். ‘வெளி காலை 10’ என்று இருந்தது. வெள்ளியில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அக்கா அதைத் திருத்தவில்லை.